பூட்டும் விளக்கும்

நாவலப்பிட்டியில் மழைக்குப் பஞ்சமில்லை. நாற்புறமும் மலைகள், அருகே மகாவலி கங்கை. இந்த மலைநாட்டு நீரே ஒளியாகிறது என்று பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். 1918ஆம் ஆண்டிலேயே அபர்டீன், லக்சபான நீர்வீழ்ச்சிகளைச் சுட்டிக்காட்டி, அவற்றிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று எடுத்துரைத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் கதையை உருக்கத்தோடு சொல்வேன். அவர் கண்ட கனவு 1950இல் லக்சபான நிலையமாக உருவெடுத்ததையும், 1985இல் எமக்கு அண்மையிலுள்ள கொத்மலை நீர்த்தேக்கம் எழுந்ததையும் சொல்வேன். ஆனால், 'பராமரிப்பு வேலை காரணமாக ஞாயிறு முழுவதும் மின்தடை' என்ற அறிவித்தலைக் கண்டதும் முதலில் முணுமுணுப்பவனும் நானே.

அத்தகைய ஒரு சனிக்கிழமை மாலை, என்னிடம் முன்பு படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். மின் உபநிலையமொன்றில் பணிபுரிபவன்.

"நன்றாகத்தானே எரிகிறது! பழுதாகாத பொருளை எதற்காகத் திருத்துகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "பழுதான பிறகு திருத்தினால் அது வைத்தியம், சேர். நாங்கள் செய்வது நாடி பார்ப்பது."

பிறகு அவனே ஆசிரியனானான்; நான் மாணவனானேன். நம் வீட்டு ஆளியைத் தட்டினால் விளக்கு அணைகிறது. ஆனால், 132,000 வோல்ற்று பாயும் கம்பியைத் துண்டிக்கும்போது, பிரிந்த முனைகளுக்கிடையே மின்சாரம் தீவில்லாக வளைந்து தொடர்ந்து பாயும். அதை ஒரு நொடியின் சிறு பங்குக்குள் அவிப்பதே சுற்றுடைப்பானின் தொழில். முன்னாளில் எண்ணெயில் அவித்தார்கள். இப்போது பெரும்பாலும் கந்தக அறுபுளோரைட்டு வாயுவில் அவிக்கிறார்கள். மாதக்கணக்கில் அசையாது நிற்கும் அக்கருவி, இடி விழும் கணத்தில் தவறாது திறக்கவேண்டும். ஆகவேதான் வாயுவின் அழுத்தத்தையும், தொடுமுனைகளின் தடையையும், திறக்க எடுக்கும் நேரத்தையும் காலந்தோறும் அளக்கிறார்கள். பீங்கான் காவலிகளில் படிந்த அழுக்கைத் துடைக்கிறார்கள். மின்மாற்றி மூச்சுவிடும் குழாயில் நீலமாக இருக்கும் சிலிக்கா மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகியிருந்தால் மாற்றுகிறார்கள். எங்கள் ஊர் மழைக்கு அந்த மணிகள் அடிக்கடி சிவக்குமாம்!

"எல்லாவற்றையும்விட ஒழுங்குமுறைதான் முக்கியம், சேர். முதலில் சுற்றுடைப்பானைத் திறக்கவேண்டும். அதன் பின்பே பிரிப்பான். பூட்டுப் போட்டு, எச்சரிக்கைப் பலகை தொங்கவிட்டு, மின் இல்லை என்று கருவியால் சோதித்து, கடைசியில் நிலத்தோடு இணைக்கவேண்டும். வரிசை மாறினால் மன்னிப்பே கிடையாது."

அது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2020 ஆகஸ்ட் 17ஆம் நாள் இலங்கைத் தீவு முழுவதும் பல மணிநேரம் இருளில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. கெரவலப்பிட்டி உபநிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த மனிதத் தவறே அதற்குக் காரணம் என்று பின்னர் தெரிவிக்கப்பட்டது. பேணுவதற்காக நீட்டிய கையும் முறை தவறினால் கெடுத்துவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

புறப்படும்போது அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு திறப்பை எடுத்துக் காட்டினான். "வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு, தனித் திறப்பு. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை யாரும் மின்சாரம் கொடுக்க முடியாது."

மறுநாள் மாலை, மழை சற்று ஓய்ந்த வேளையில், கடைத்தெருவுக்குச் சென்ற நான் வழியில் அவன் வீட்டைக் கடந்தேன். இருண்ட திண்ணையில் அவனுடைய தாயார் அமர்ந்திருந்தார். மணி ஐந்தைத் தாண்டி அரை மணியாகியிருந்தது. தெருவில் யாரோ மின்சாரம் வரவில்லையென்று உரக்கத் திட்டிக்கொண்டு போனார். அம்மையார் ஒன்றும் பேசவில்லை. உள்ளே கூரையில் தொங்கிய விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நின்றுவிட்டேன்.

சிறிது நேரத்தில் விளக்கு எரிந்தது. ஊரெங்கும் பிள்ளைகளின் ஆரவாரம் எழுந்தது. அம்மையார் இரு கைகளையும் கூப்பினார்.

"வேலை முடிஞ்சிருச்சுங்க ஐயா. புள்ள வெளிய வந்துட்டான்" என்றார்.

இப்போதும் மின்தடை அறிவித்தல்கள் வருகின்றன. நான் முணுமுணுப்பதில்லை. மாலையில் விளக்கு எரியும்போது, எங்கோ ஓர் இளைஞன் தன் பூட்டைக் கழற்றிவிட்டான் என்று எண்ணிக்கொள்கிறேன்.