ஓடைப் பள்ளத்தில் எழுந்த மைதானம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள துறைமுக நகரம் டகோமா. அங்கே கடலைப் பார்த்த மேட்டில், பிரெஞ்சுக் கோட்டையின் சாயலில் ஒரு பள்ளிக்கூடம் நிற்கிறது: ஸ்டேடியம் உயர்நிலைப் பள்ளி. பக்கத்தில் உள்ள மைதானத்தின் புகழால் 1913-ல் வந்த பெயர் அது.

பள்ளிக் கட்டடத்தின் கதையே தனி. நார்தர்ன் பசிபிக் ரயில் நிறுவனம் 1891-ல் அதைச் சொகுசு ஹோட்டலாகக் கட்டத் தொடங்கியது. 1893-ன் பொருளாதார நெருக்கடியில் வேலை நின்றது. 1898-ல் தீப்பிடித்தது. சுவர்ச் செங்கற்களைப் பெயர்த்து வெளியூர் ரயில் நிலையங்கள் கட்ட எடுத்துப் போனார்கள். எஞ்சியதை 1904-ல் பள்ளி நிர்வாகம் வாங்கியது; கட்டடக் கலைஞர் ஃபிரெடரிக் ஹீத் அதை வகுப்பறைகளாக மாற்றினார். 1906-ல் பள்ளி திறந்தது. இடிபாட்டில் பள்ளியைக் கண்ட அந்த முடிவுக்கு எவ்வளவு பாராட்டும் தகும்.

விளையாட இடம்தான் இல்லை. பக்கத்தில் கிடந்ததோ ஆழமான ஓடைப் பள்ளம். ஹீத் அதையே மைதானமாக்கத் திட்டமிட்டார். வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சிச் சரிவு மண்ணைக் கரைத்து, அடித்தளத்தை நிரவினார்கள். மூன்று பக்கச் சரிவுகளிலும் கான்கிரீட் படிகள் எழுந்தன. நான்காவது பக்கம் கடலுக்குத் திறந்தே இருந்தது. 1910-ல் மைதானம் திறக்கப்பட்டது.

இந்த மைதானத்தில் ஃபுட்பால் ஆடினார்கள். அங்கே ஃபுட்பால் என்றால், நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். ஆனால் இந்தப் படிகளில் கூட்டம் சேர்ந்தது ஆட்டத்துக்கு மட்டுமல்ல. பல்லாயிரம் பேர் ஒரே இடத்தில் அமர முடிந்ததால் தலைவர்களும் தேடி வந்தார்கள். 1911-ல் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், 1919-ல் அப்போதைய அதிபர் உட்ரோ வில்சன், 1923 ஜூலையில் அப்போதைய அதிபர் வாரன் ஹார்டிங். அடுத்த மாதமே ஹார்டிங் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார்.

பிறகு சோதனைக் காலம். 1949 நிலநடுக்கம் மைதானத்தைச் சேதப்படுத்தியது. அதைவிடத் தீராத சிக்கல் தண்ணீர். ஓடையை மேலே மூடலாம். மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் கடலுக்குப் போயே ஆக வேண்டும். அதற்காக அடியில் பதித்த வடிகால் குழாய் 1981-ல் உடைந்தது. வெள்ளம் கடல்பக்க முனையின் மண்ணை அறுத்துக்கொண்டு போனது. சீரமைப்பு முடிய ஆண்டுகள் பிடித்தன.

இவ்வளவு செலவுக்குப் பதிலாக, சமதரையில் புது மைதானம் கட்டியிருக்கலாம். டகோமா அதைச் செய்யவில்லை. 1999-ல் வந்த '10 திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ' திரைப்படத்தில் இந்தப் பள்ளியையும் மைதானத்தையும் பார்க்கலாம். மாணவர்களின் ஆட்டங்கள் இன்றும் அதே பள்ளத்தில்தான் நடக்கின்றன.