பட்டணத்துக்குச் சுண்ணாம்பு, பாட்டாளிக்கு ஓலையா?

சென்னையின் பழைய மாளிகைகளைக் கண்டு வியக்கிறோம். அவற்றை எழுப்பிய கைகளை நினைத்தோமா, தோழர்களே?

பட்டணத்துக்குச் சுண்ணாம்பு தந்த நீர்நிலைகளில் பழவேற்காட்டு ஏரியும் ஒன்று. நீரில் இறங்கிக் கிளிஞ்சல் அள்ளினான் உழைப்பாளி. காளவாயிலே வெந்து, தண்ணீர் பட்டுப் பூத்து, சுண்ணாம்பாயிற்று கிளிஞ்சல். கரையோரச் சவுக்கு, கொத்தனாருக்குச் சாரமாயிற்று, அடுப்புக்கு விறகாயிற்று. எல்லாவற்றையும் பக்கிங்காம் கால்வாய்த் தோணிகள் சுமந்தன. 1877-78 பஞ்சத்திலே பட்டினி மக்கள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய பகுதியும் அக்கால்வாயில் உண்டு. வெட்டியவன் ஏழை, பெயரோ ஆளுநருக்கு!

பின்னர் சிமெண்டு வந்தது, காளவாய்கள் அணைந்தன. 1966, 1976 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன, தோணியும் நின்றது. கட்டடப் பொருளை ஊருக்கெல்லாம் அனுப்பிய கரை, இன்று தன் வீட்டுக்கே செங்கல்லும் கம்பியும் சிமெண்டும் வெளியிலிருந்து வாங்குகிறது. லாரி வாடகை யார் தலையில்? வலை இழுப்பவன் தலையில்! கடனுக்கு வாங்கினால் வட்டியும் அவனுக்கே!

நாம் கேட்பது பிச்சையல்ல. மீனவர் கூட்டுறவுச் சங்கமே கட்டடச் சாமான் கிடங்கு நடத்தட்டும். மொத்த விலைக்கு வாங்கி, அடக்க விலைக்குக் கொடுக்கட்டும். முதல் போட அரசு முன்வரட்டும். தனியாக வாங்கினால் தரகன் வாழ்வான். சேர்ந்து வாங்கினால் குப்பம் வாழும். சங்கக் கூட்டத்திலே இதைத் தீர்மானமாக்குங்கள், தோழர்களே!