கறவை மாடுகளின் தீவனப் புரதம்

கறவை மாடுகளின் தீவனப் புரதம் என்பது பால் தரும் மாடுகளின் உணவிலுள்ள புரதத்தையும் புரதமல்லாத நைட்ரசன் சேர்மங்களையும் சேர்த்துக் குறிப்பதாகும். தீவனத்தின் நைட்ரசன் அளவை 6.25 ஆல் பெருக்கி வரும் எண் கச்சாப் புரதம் எனப்படும். இம்முறையில் யூரியாவும் புரதமாகவே கணக்கில் வரும். மாட்டைப் பொறுத்தவரை இது முற்றிலும் பிழையான கணக்கன்று.

செரிமானம்

மாட்டின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறையான பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் தீவனப் புரதத்தின் பெரும்பகுதியைச் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. பின்னர் அந்த அம்மோனியாவைக் கொண்டே தமது உடற்புரதத்தை உருவாக்குகின்றன. இந்நுண்ணுயிரிகள் தீவனத்தோடு அடித்துச் செல்லப்பட்டு, நான்காம் அறையிலும் சிறுகுடலிலும் செரிக்கப்படுகின்றன. ஆகவே மாடு பெறும் அமினோ அமிலங்களில் பெரும்பங்கு, அது தின்ற புண்ணாக்கிலிருந்து நேரடியாக வருவதன்று. அதன் வயிற்றில் வளர்ந்த நுண்ணுயிரிகளிலிருந்து வருவதாகும்.

கச்சாப் புரதம் சுமார் 7 விழுக்காட்டிற்குக் கீழே குறைந்தால் நுண்ணுயிரிகள் பெருகா. நார்ப்பொருளின் செரிமானமும் குன்றும். வைக்கோலை மட்டும் தின்னும் மாடு வயிறு நிறைந்தும் மெலிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விர்த்தனென் ஆய்வு

வேதியியலுக்கான 1945 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பின்லாந்து அறிஞர் ஆர்த்தூரி விர்த்தனென், 1960களில் கறவை மாடுகளுக்குப் புரதமே இல்லாத தீவனத்தைப் படிப்படியாகப் பழக்கினார். மாவுச்சத்து, செல்லுலோசு, சர்க்கரை ஆகியன ஆற்றலையும், யூரியாவும் அம்மோனியம் உப்புகளும் நைட்ரசனையும் அளித்தன. அம்மாடுகளுள் சில ஆண்டுக்குச் சுமார் 4000 கிலோகிராம் வரை பால் தந்தன. இம்முடிவுகள் 1966இல் வெளியாயின.

பால் உற்பத்தி

அதிகம் கறக்கும் மாடுகளுக்கு நுண்ணுயிரிப் புரதம் மட்டும் போதாது. பெருவயிற்றில் சிதையாமல் சிறுகுடலை அடையும் புரதமும் தேவை. கடலைப் புண்ணாக்கின் புரதம் விரைவில் சிதைந்துவிடும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் தப்பும் பங்கு கூடுதல். வெப்பத்தாலோ பார்மால்டிகைடாலோ பதப்படுத்தியும் சிதைவைக் குறைக்கலாம்.

புரதத்தைக் கூட்டிக்கொண்டே போவதால் பால் கூடுவதில்லை. மாவுச்சத்து போன்ற ஆற்றல் உணவு போதாவிடில் அம்மோனியா தேங்கி, இரத்தத்தில் கலந்து, கல்லீரலில் யூரியாவாக மாறுகிறது. அதில் ஒரு பகுதி உமிழ்நீர் வழியே மீண்டும் பெருவயிற்றை அடையும்; எஞ்சியது சிறுநீரிலும் பாலிலும் வெளியேறும். பாலிலுள்ள யூரியாவை அளந்து புரதம் வீணாவதை அறிவது இதனால்தான். தீவன நைட்ரசனில் பொதுவாக 25 முதல் 30 விழுக்காடே பாலைச் சென்றடைகிறது. விலையுயர்ந்த புண்ணாக்கின் பெரும்பங்கு சாணத்திலும் சிறுநீரிலும் போகிறது என்பதே இதன் பொருள்.

பழக்கமில்லாத மாட்டிற்குத் திடீரென மிகுதியாக யூரியா கொடுத்தால் அம்மோனியா நஞ்சாகி, சில மணி நேரத்தில் உயிரிழப்பும் நேரலாம்.