பால்வாடியில் பால் இல்லை!

"சார், சும்மாத்தானே வர்றீங்க... இவளைக் கொஞ்சம் தூக்கிக்குங்க!"

நான் பதில் சொல்வதற்குள் மூன்று வயசு உருப்படி ஒன்று என் இடுப்பில் ஏற்றப்பட்டுவிட்டது.

இடம்: ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்னக் குடியிருப்பு. நேரம்: காலை எட்டே முக்கால். ஏற்றியவர்: அங்கன்வாடி டீச்சர். இடுப்பிலிருந்த மகாராணி முதல் காரியமாக என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கித் தான் மாட்டிக்கொண்டாள். மிச்ச தூரத்தை நான் உத்தேசமாகத்தான் ஏறினேன்.

டீச்சருக்கு இது தினப்படி சமாசாரம். இங்கே பத்து வீடு, ஓடையைத் தாண்டி ஏழு வீடு, மேட்டில் நாலு என்று குடிசைகள் சிதறிக் கிடக்கின்றன. அம்மா அப்பா விடிகிறபோதே சாமைக் கொல்லைக்கோ கூலிக்கோ போயாச்சு. மூன்று வயசு தனியாக ஓடையைத் தாண்டி வருமா? அதனால் டீச்சர் வாசல் வாசலாகப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருகிறார். அன்றைக்கு வசூல் பதினொன்று.

பன்னிரண்டாவது வாசலில் ஏழு வயசுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் தம்பி, எட்டு மாசம் இருக்கும்.

"இன்னிக்கும் ஸ்கூல் போகலையா?"

"தம்பிய யாரு பாத்துக்கறது?"

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. பையனை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, "நட" என்றார். அந்தப் பெண் உள்ளே ஓடிப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பை தயாராகவே இருந்தது என்பதைக் கவனித்தேன். கண்ணாடி இல்லாமலேகூட.

சின்ன வயசில் எங்கள் ஊரில் இதற்குப் பேர் பால்வாடி. பால் கொடுப்பார்கள், அதனால் பால்வாடி என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். 'அங்கன்வாடி' என்று கேட்டபோது, தெற்கத்திக்காரர் யாரோ சம்சாரத்தை 'அங்கன வாடி' என்று கூப்பிடுவதாகத்தான் தோன்றியது. பி.காம். படிப்பில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை, ஸார்! பால் என்றால் மராட்டியில் குழந்தை. அங்கன் என்றால் முற்றம். நம்ம ஊர் அங்கணம்தான். வாடி என்றால் தோட்டம்.

இந்த முற்றம் வந்த கதை சுவாரசியம். குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்று ஒரு வக்கீல். தன் பையனுக்கு நல்ல பள்ளிக்கூடம் தேடப் போய் வக்கீல் தொழிலையே விட்டுவிட்டு, 1920-ல் குழந்தைகளுக்கென்று பாலமந்திர் ஆரம்பித்தார். 'மீசை வைத்த அம்மா' என்று அவருக்குச் செல்லப் பெயர். அவரோடு வேலை பார்த்தவர் தாராபாய் மோடக். நகரத்துக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்து அலுத்ததோ என்னவோ, 1945-ல் மும்பைக்கு வடக்கே போர்டி என்ற கிராமத்துக்குப் போனார். கூடப் போனவர் அனுதாய் வாக். பதிமூன்று வயசில் கல்யாணம், சில மாதங்களிலேயே விதவை. அப்புறம் படித்து டீச்சரானவர்.

இரண்டு பேரும் பள்ளி திறந்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஏழைக் குழந்தைகள் வரவில்லை. 'வராதவர்கள் மேல் நடவடிக்கை' என்று சுற்றறிக்கை விடவில்லை. தாராபாயே பாய், பொம்மை சகிதம் அவர்கள் தெரு முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அதுதான் அங்கன்வாடி! பிறகு பக்கத்தில் கோஸ்பாட் குன்றுக்குக் குடிபோய், வார்லி பழங்குடிப் பிள்ளைகளுக்கு நடத்தினார்கள். மாடு மேய்க்கப் போகிற பையன்களுக்குப் புல்வெளியிலேயே பள்ளி.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ல் முதல் பள்ளியை ஆரம்பித்தது ரோம் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பில், ஏழைக் குழந்தைகளுக்காக. 1939-ல் அடையாறுக்கு வந்தார். அப்புறம் கொடைக்கானலிலும் இருந்தார். அவர் பெயரைப் போர்டில் போட்ட ஒரு பள்ளியில் என் பையனுக்கு ஃபீஸ் கட்டினேன். ரசீதை இன்னமும் மனசு தேறாத நாட்களில் எடுத்துப் பார்க்கிறேன். கோஸ்பாடில் விலை உயர்ந்த மாண்டிசோரி சாமான்களுக்குப் பதில் கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை. எண்ணுவதற்குக் கல்லே போதும் என்று அந்த அம்மாக்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால், எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அக்கா அங்கேயும் இருந்தாள். அதனால் குழந்தைக் காப்பகம், பால்வாடி, ஆரம்பப் பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். தம்பி காப்பகத்தில், அக்கா வகுப்பில்!

1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு 33 இடங்களில் ஐ.சி.டி.எஸ். திட்டத்தை ஆரம்பித்தபோது மையங்களுக்கு அங்கன்வாடி என்றே பேர் வைத்தார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கு மேல். முட்டை, சத்துமாவு, தடுப்பூசி என்று அவை செய்திருக்கிற உபகாரத்தைக் குறைத்துச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். என்ன, பேர் வந்த அளவுக்கு முற்றம் வரவில்லை. மையம் திறக்கத் தலைக்கணக்கு வைத்தார்கள்: மலைப்பகுதியில் 300 பேர். 150 இருந்தால் மினி மையம். அறுபதே பேர் இருக்கிற குடியிருப்பு? கணக்கில் பக்கத்து மையத்தோடு சேர்ந்துவிடும். காலால் சேர வேண்டியது மூன்று வயசு.

மையத்துக்குள் நுழைந்ததும் டீச்சர் தூளி கட்டினார். எட்டு மாசப் பையனுக்கு இங்கே எடை போட உரிமை உண்டு, ஊசி உண்டு, மாவு பாக்கெட் உண்டு. தங்க மட்டும் இடமில்லை. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து 'பால்னா' என்று ஒரு திட்டம் 2022-ல் வந்தது. பால்னா என்றால் தொட்டில். நான் பார்த்த தொட்டில் டீச்சரின் பழைய புடவை.

"ரிஜிஸ்டர்ல இவன் பேரை எப்படி எழுதுவீங்க?" என்றேன், கணக்குப் படித்த புத்தி.

"தூங்கறவனுக்கு என்ன சார் அட்டெண்டன்ஸ்?"

கால் கட்டை விரலில் தூளிக் கயிறு. வாயில் நரிக்கதை. கையில் செல்போன், 2021-லிருந்து எல்லாம் போஷன் டிராக்கரில் ஏற்றியாக வேண்டும். சிக்னல்? பின்னால் இருக்கிற பாறை மேல் ஏறினால் இரண்டு கோடு வருமாம். டீச்சர் பாறைக்குப் போனால் நரிக்கதை பாதியில் நிற்கும். ஆயா அடுப்படியில். பதினொன்றும் என்னைப் பார்த்தன. மீதிக் கதையை நான் சொன்னேன். என் நரிக்கு வரவேற்பில்லை.

பக்கத்துப் பள்ளியில் மணி அடித்தது. ஏழு வயசு அக்கா தூளியை விலக்கி ஒருதரம் பார்த்தாள். பையன் நன்றாகத் தூங்கினான். சத்தமில்லாமல் வாசலுக்கு வந்தவள், படியிறங்கியதும் ஓடினாள்.

மத்தியானம் முட்டைச் சாப்பாடு முடிந்து கிளம்பினேன். கண்ணாடிக்காரி வாசலில் வழி மறித்தாள். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு.

"தூக்கு!"