புதுச்செய்தி அறிவிக்கும் செய்தியோடை

இணையத்தளம் ஒன்றில் புதிய கட்டுரையோ அறிவிப்போ வெளிவந்துள்ளது என்பதை அதனை நாடுவோர் எங்ஙனம் அறிவர்? தோட்ட அலுவலகத்து அறிவிப்புப் பலகையை எட்டிப்பார்ப்பதுபோல் நாள்தோறும் சென்று பார்ப்பது ஒரு வழி. தபால்காரர் கடிதம் கொணர்வதுபோல் செய்தி தம்மிடமே வந்து சேருமாறு செய்துகொள்வது மற்றொரு வழி. போட்டி அறிவிப்பும் உதவித்தொகை விளம்பரமும் இணையத்தில் வெளியாகும் இக்காலத்தில், ஒன்றைக் காணத் தவறினும் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் நல்லதொரு வாய்ப்பை இழக்க நேரும். ஆதலின் இரண்டாம் வழி இயங்கும் முறையை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று.

இதற்கு அடிப்படையாவது செய்தியோடை. மக்கள் படிக்கும் பக்கங்களோடு, கணினி படிப்பதற்கென்றே ஒரு பட்டியலையும் தளம் வைத்திருக்கும். புதியது வெளிவருந்தோறும் அப்பட்டியலில் ஒரு பதிவு சேரும். அப்பட்டியலே செய்தியோடை எனப்படும். 1999ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நெட்ஸ்கேப் நிறுவனம் ‘ஆர்.எஸ்.எஸ்.’ என்னும் வடிவத்தில் இதனை வெளியிட்டது. அதனை வகுத்தோருள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இராமநாதன் குகாவும் ஒருவர். ‘ஆட்டம்’ என்னும் பிறிதொரு வடிவம் 2005 டிசம்பரில் இணையப் பொறியியல் பணிக்குழுவின் தரமாக வெளிவந்தது.

ஆட்டம் வடிவத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று கூறுகள் இன்றியமையாதன: தலைப்பு, இறுதியாகத் திருத்திய நேரம், மாறாத அடையாளக் குறி. தலைப்பு மட்டும் போதாதோ எனின், போதாது. தலைப்பிலுள்ள எழுத்துப்பிழையைத் திருத்தினால், கணினி அதனைப் புதிய கட்டுரையெனக் கொண்டு மீண்டும் அறிவித்துவிடும். பதிவேட்டில் மாணவர் பெயரின் எழுத்தைத் திருத்தினாலும் பிறப்புப் பத்திர எண் மாறாதிருத்தல் போன்றதே இவ்வடையாளக் குறி.

இனி, அறிவிக்கும் பணியை அமைக்கும் முறையைக் காண்போம். கணினி குறித்த நேரந்தோறும் ஓடையைப் பெற்று, தான் முன்னர்க் கண்ட குறிகளோடு ஒப்பிடும். முன்னர்க் காணாத குறி இருப்பின் அப்பதிவே புதியது. அதனை மின்னஞ்சல் வழி அனுப்பிவிட்டு, குறியையும் எழுதி வைத்துக்கொள்ளும். முதன்முறை பார்க்கும்போது எல்லாமே புதியனவாகத் தோன்றும். ஆதலின் அன்று குறிகளை எழுதிக்கொள்வதோடு நிறுத்தல் வேண்டும். தவறினால் பழைய கட்டுரைகள் யாவும் ஒருங்கே சென்று படிப்பவரைத் திணறச் செய்யும்.

அடிக்கடி கேட்பது தளத்திற்குச் சுமையாகும். எனவே, ‘நான் இறுதியாகப் பெற்ற பின்னர் மாற்றம் உண்டோ?’ என்று கேட்பதே முறை. மாற்றம் இல்லையேல், தளம் பட்டியலை அனுப்பாது 304 என்னும் குறியெண்ணை விடையாகத் தரும். கேளாமலே வந்து சேரும் முறையும் உண்டு. 2018 சனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரையாக வெளியிட்ட ‘வெப்சப்’ முறையில், தளம் ஒரு நடுநிலையத்திற்குச் சொல்லும். அந்நிலையம் சந்தாதாரர்களின் கணினிகளுக்குப் புதியதை அனுப்பும். சந்தா வேண்டியது மெய்தானா என்று அந்நிலையம் முன்னரே வினவி உறுதி செய்துகொள்ளும். ஆதலின் பிறர் முகவரிக்கு அவர் அறியாமல் சந்தா எழுதும் குறும்பு இங்குச் செல்லாது.

சமூக ஊடகங்கள் இருக்க இஃது எதற்கு என்பார் உளர். அங்கு எதனை முதலில் காட்டுவது என்பதைப் பெரும்பாலும் நிறுவனமே முடிவு செய்கிறது. ஓடையிலோ தேர்வு படிப்பவருடையது. 2013 சூலை 1ஆம் நாள் கூகுள் நிறுவனம் தன் ‘கூகுள் ரீடர்’ சேவையை நிறுத்தியது. ஆயினும் ஓடைகள் வற்றவில்லை. வாசகர்கள் தம் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு செயலிகளுக்குச் சென்றனர். ஓடையின் வடிவம் ஒருவர்க்கே உரியதாகாது பொதுவாய் இருந்தமையே அதற்குக் காரணம்.

வேர்ட்பிரஸ் கொண்டு அமைத்த தளங்களில் ஓடை தானாகவே உண்டாகும். பள்ளிகளும் தமிழ் அமைப்புகளும் தம் தளங்களில் அதனை மூடாது வைத்தல் வேண்டும். ஆசிரியர்களும் ஓடை படிக்கும் செயலி ஒன்றை நிறுவி, வேண்டிய தளங்களை அதில் சேர்த்துப் பழகுதல் வேண்டும். அறிவிப்பு உரிய நாளில் வந்தால்தான் பிள்ளைகளின் விண்ணப்பமும் உரிய நாளில் போய்ச் சேரும்.