நர்ஸ் இல்லாத வீட்டில் இன்சுலின்

ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்குப் போய், குளிக்கவைத்து, உடை மாற்றி, சாப்பாடு ஊட்டி, கடைக்குக் கூட்டிப்போகும் உதவிப் பணியாளர்கள் நர்ஸ்கள் அல்ல. ஆனாலும் அவர்களில் சிலர் இன்சுலின் ஊசியும் போடுகிறார்கள். ஒருவருக்கு நாளுக்கு நான்கு ஊசி என்றால், நான்கு முறையும் வந்துபோக நர்ஸ் எங்கே கிடைப்பார்? 2013இல் சட்டமான தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டம், 2019 அக்டோபரிலிருந்து இப்படிப்பட்ட சர்க்கரை நோய்ப் பராமரிப்புக்கும் பணம் தருகிறது. கூடவே ஒரு நிபந்தனை: தோலுக்கடியில் ஊசி போடும் பணியாளர், தகுதியுள்ள மருத்துவத் துறையினரிடம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அந்தப் பயிற்சி, அவர் யாரைப் பார்த்துக்கொள்கிறாரோ அந்த ஆளின் தேவையை ஒட்டியதாகவும் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரி நிறுவனங்களுக்குப் பெரிய தலைவலி. ஒரு வீட்டில் கற்றவரை மறுநாள் இன்னொரு வீட்டுக்கு அப்படியே அனுப்ப முடியாது. ஆனால் விஷயத்தின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது என்பேன்.

ஊசி போடும் வேலையைக் கற்பது கடினமல்ல. பேனாவில் புது ஊசி மாட்டி, 2 யூனிட் வெளியே தள்ளி மருந்து வருகிறதா என்று பார்த்து, அளவைத் திருகி, தோலில் செங்குத்தாக இறக்க வேண்டும். ஊசியின் நீளம் 4 மில்லிமீட்டர் இருந்தாலே போதும். பொத்தானை அழுத்தியதும் உருவிவிடாமல் 10 விநாடி எண்ண வேண்டும்; இல்லாவிட்டால் கடைசித் துளி தோலுக்கு வெளியே போய்விடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே கொழுப்பு கட்டிபோல் தடிக்கும். அதற்குள் போன இன்சுலின் எப்போது ரத்தத்தில் கலக்கும் என்று சொல்ல முடியாது. அளவு அதேதான், சர்க்கரை மட்டும் தாறுமாறாக ஆடும். அதனால் பயிற்சி பெற்றவர் குத்துவதற்கு முன் தோலை விரலால் தடவிப் பார்ப்பார்.

பேனாவை மாற்றி எடுப்பதுதான் ஆபத்து. சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். இரவில் போடும் நீண்டநேர இன்சுலின் ஏறக்குறைய ஒரு நாள் மெதுவாகக் கசியும். இரவு மருந்தின் 30 யூனிட்டை வேகமான பேனாவில் போட்டுவிட்டால், தூக்கத்திலேயே சர்க்கரை சரிந்துவிடும். எழுத்திலும் பொறி உண்டு. யூனிட் என்பதை ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கினால் அது அவசரத்தில் பூஜ்யமாகத் தெரியும், 4 யூனிட் 40 ஆகிவிடும். ஆகவே முழுச் சொல்லாகத்தான் எழுதச் சொல்கிறார்கள்.

லோ சுகருக்கு அங்கே எல்லை 4 மில்லிமோல், நம்மூர்க் கணக்கில் 72. அதற்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்பது எல்லா வகுப்பிலும் சொல்லும் பாடம். இப்போது அந்த வீட்டு ஆளைப் பாருங்கள். அவருக்கு விழுங்குவதில் சிரமம் என்றால், நாம் அவசரமாகக் கொடுக்கும் ஜூஸ் நுரையீரலுக்குள் போகும். அவருக்கு எதை, எந்தக் கெட்டித்தன்மையில் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். வயிற்றுக் குழாய் வழியே உணவு செல்பவருக்கு இன்சுலின் போட்டபின் குழாய் அடைத்துக்கொண்டால், ஊசி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், உணவு மட்டும் வராது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவருக்கு வியர்வை, படபடப்பு என்ற வழக்கமான எச்சரிக்கை மணிகள் அடிக்காமலே போகலாம்.

பேச முடியாதவர்களின் நிலை இன்னும் சிக்கல். சர்க்கரை இறங்கும்போது ஒருவர் கத்துகிறார், தட்டைத் தள்ளிவிடுகிறார், சோர்ந்து சுருண்டுகொள்கிறார். "அவர் எப்பவுமே இப்படித்தான்" என்று விட்டுவிடுவது எளிது. அந்தச் சமயத்தில் குளுக்கோமீட்டரை எடுக்கத் தோன்றுவதுதான் பயிற்சி. மாற்றுத்திறனாளிகளிடையே சர்க்கரை நோய் அபூர்வமும் அல்ல. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு டைப் 1 வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மனநலத்துக்குக் கொடுக்கும் ஓலன்சபின், குளோசபின் போன்ற மாத்திரைகளோ உடல் எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

சரி, எல்லாம் தயார், அந்த ஆள் ஊசி வேண்டாம் என்று கையைத் தட்டிவிடுகிறார். பிடித்து வைத்துக்கொண்டு போடலாமா? அப்படிச் செய்தால் அது உடலைக் கட்டுப்படுத்தும் செயல். பணியாளர் தன்னிஷ்டத்துக்குச் செய்யக் கூடியதல்ல, தனி விதிகளுக்கு உட்பட்டது. அப்படியே விட்டுவிட்டால், டைப் 1 ஆளுக்கு அந்த நாளுக்குள்ளேயே ரத்தத்தில் கீட்டோன் சேரத் தொடங்கும். ஊசியை எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம், வேறு யார் போட்டால் அவர் ஒப்புக்கொள்வார், கீட்டோனை எப்போது சோதிப்பது, எந்த எண்ணுக்கு மேல் ஆம்புலன்ஸ், அதற்கு முன் யாருக்குப் போன் என்பதெல்லாம் பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் காலியாக இருந்தால், பணியாளர் நன்றாகக் குத்துகிறார் என்பதற்காக மட்டும் அவர் தயார் என்று பயிற்சி தரும் நர்ஸ் கையெழுத்துப் போடக் கூடாது.