தீவில் மனை வாங்குமுன்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் குடியேறி வாழும் தமிழ் மக்கள் பலர். சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து ஒரு மனை வாங்கி வீடு கட்ட விரும்பாதவர் அவர்களுள் அரியர். அவ்விருப்பம் கைகூடும் வேளையில் ஒரு வினாவை முதற்கண் எழுப்புதல் நலம். நாம் விலை கொடுக்கும் மண் எவருடையது?

பட்டாவும் கிரயப் பத்திரமும் எவர் பெயரில் உள்ளனவோ, அவரே நிலத்துக்கு உடையவர் என்பது தமிழகத்திலிருந்து வருவோர் கொண்டுவரும் எண்ணம். தீவுகளின் நிலை வேறு. 1858ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே கைதிகளின் குடியிருப்பை நிறுவிய காலந்தொட்டு நிலம் அரசின் கையிலேயே இருந்து வந்தது. விடுதலைக்குப் பின், 1966ஆம் ஆண்டின் நிலவருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டமும் அந்நிலையையே உறுதி செய்தது. அச்சட்டம் இடந்தரும் வகையிலன்றி, நெடுங்கால அனுபவத்தாலோ தனியார் எழுதிக் கொடுத்த ஏட்டாலோ எவரும் நிலத்துக்கு உரியவர் ஆகார்.

அங்ஙனமாயின் வீட்டுக்காரருக்கு உள்ளது யாது? அரசிடமிருந்து வந்த அனுபவ உரிமையே. அது பலவகைப்படும். ஒருவகை பிள்ளைகளுக்கு வழிவழியாகச் செல்லும். நிபந்தனைகளுக்கு உட்பட்டு விற்கவும் இயலும். மற்றொருவகை குறித்த காரியத்துக்கென்று தந்த உரிமம் மட்டுமே. உழவுக்கென்று தந்த நிலத்தில் வீடு எழுப்புவதற்கும் அனுமதி வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். இருபது ஆண்டுகள் உழைத்த தொழிலாளி ஒருவர், முத்திரைத் தாளில் ஓர் ஒப்பந்தமும் பொது அதிகாரப் பத்திரமும் பெற்று, மனை தமதாயிற்று என நம்பி வீடு கட்டுகிறார். விற்றவர் இறந்ததும் அவருடைய மக்கள் வந்து மனையைக் கேட்கின்றனர். பதிவு செய்த கிரயப் பத்திரம் இன்றி மனையின் உரிமை மாறாது. அதிகாரப் பத்திரத்தின் வாயிலான விற்பனை உரிமையை மாற்றாது என 2011இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியுள்ளது. தொழிலாளியின் சேமிப்பு வழக்கில் சிக்கிக்கொள்கிறது.

ஆதலின் முன்பணம் கொடுக்குமுன் தாசில்தார் அலுவலகத்தில் உரிமைப் பதிவேட்டின் நகலைப் பெறுக. நிலம் எவர் பெயரில், எவ்வகை உரிமையில், எக்காரியத்துக்காகப் பதிவாகியுள்ளது என்பதைப் பார்க்க. அடுத்து, கைமாற்றத்துக்கு அரசின் அனுமதி தேவையா எனக் கேட்டறிக. பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் அதனைப் பதிவுக்குக் கொண்டுசெல்க. பதிவு முடிந்ததும் வருவாய்ப் பதிவேட்டிலும் பெயர் மாற்றிக்கொள்க. விற்றவரிடம் இல்லாத உரிமையைப் பதிவு உண்டாக்காது என்பதையும் மறவற்க.

கடை வைப்போருக்கும் ஒரு சொல். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரம் பதிவாதல் வேண்டும். பழங்குடி மக்களுக்கென ஒதுக்கிய பகுதிகளுக்கு 1956ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குமுறை உண்டு. அங்கே முன் இசைவின்றிப் பிறர் நிலம் பெறுதல் கூடாது. வாணிகத்துக்கும் உரிமம் கேட்கப்படும்.

குடும்பத் தலைவர் மறைந்தபின் பதிவேட்டில் அவர் பெயரையே விட்டுவைப்பதும் பூசலுக்கு வித்தாகும். உயில் எழுதாது இறந்த இந்து ஒருவரின் சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் ஆகிய அனைவருக்கும் பங்குண்டு. மணமான மகளும் இதற்கு விலக்கல்லள். உயில் எழுதுவோர் இரு சாட்சிகளின் கையொப்பம் பெறுதல் இன்றியமையாதது.

வழக்கறிஞருக்குப் பொருள் இல்லையே எனத் தயங்க வேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச உதவி பெறலாம். வறியோர்க்கும் இடமுண்டு. வீடு கட்டக் கல்லும் மரமும் தேடுகிறோம். அதற்குமுன் ஒரு நாள் பதிவேட்டைத் தேடுவோமாக.